வரையாடும் வாண்டுகளும்!

மூணரை வயசுப் பையனையும் ஏழு வயசுப் பெண்ணையும் கூட்டிக்கொண்டு மலைக்குப் போக நினைப்பவருக்கு முதலில் வேண்டியது ஷூ அல்ல. கொஞ்சம் காது மந்தம்! "லீவுக்கு இரவிகுளம் போறோம்" என்று நான் வாயைத் திறந்த அன்றைக்கே மாமியார் போனில் வந்துவிட்டார்.

"ஏனுங்க மாப்ளே, உங்களுக்கு வேற ஊரே கிடைக்கலீங்களா? அந்தக் குளிர்ல புள்ளைக்கு இழுப்பு வந்துட்டா என்ன பண்ணுவீங்க?"

முதல் கேள்விக்குச் சிரித்தேன். இரண்டாவதற்குச் சிரிக்க முடியவில்லை. மகளுக்கு வீசிங். மழை, குளிர் வந்துவிட்டால் எங்கள் வீட்டில் ராத்திரி என்பது தூங்குவதற்கல்ல; அவள் மூச்சைக் கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பதற்கு. ஸ்போர்ட்ஸ் டே அன்றைக்கு மற்ற பிள்ளைகள் ஓடும். இவள் ஓரமாக நின்று கை தட்டிவிட்டு வருவாள்.

டாக்டரிடமே கேட்டேன். "தாராளமா கூட்டிட்டுப் போங்க. இன்ஹேலர் கையிலேயே இருக்கட்டும். உங்க வேகத்துல அவ நடக்கக் கூடாது, அவ வேகத்துல நீங்க நடக்கணும். இழுப்பு வந்தா உட்காருங்க. மருந்து கொடுத்தும் அடங்கலேன்னா திரும்பி வந்துடுங்க" என்றார். வீட்டுக்காரி இதை நோட்டில் எழுதியே வைத்துக்கொண்டாள்.

2025 மே மாதம் கிளம்பினோம். உடுமலையிலிருந்து சின்னாறு, மறையூர் வழியாகப் போனால், மூணாறு வருவதற்குச் சில கிலோமீட்டர் முன்பே பார்க்கின் வாசல் வந்துவிடுகிறது. நீங்கள் எப்பேர்ப்பட்ட காரில் வந்தாலும் கீழேயே நிறுத்திவிட வேண்டியதுதான். வனத்துறை பஸ், தேயிலைத் தோட்டங்களுக்கு நடுவே வளைந்து வளைந்து ராஜமலையில் கொண்டுபோய் இறக்கிவிடும். அதற்கு மேல் நடராஜா சர்வீஸ். (ஒரு வார்த்தை: காலையில் முதல் பஸ்ஸைப் பிடியுங்கள். லேட்டாகப் போனால், க்யூவில் நிற்கும்போதே வாண்டுகள் கொண்டுபோன முறுக்கைக் காலி பண்ணிவிடும். மேலே போவதற்கு அழுகை மட்டும்தான் மிச்சமிருக்கும்.)

97 சதுர கிலோமீட்டர் புல்மலை. ஒரு காலத்தில் தேயிலைக் கம்பெனித் துரைமார்கள் வேட்டைக்காகப் பொத்திப் பொத்திக் காத்த இடம். 1971-ல் வந்த சட்டத்துக்கப்புறம் கேரள அரசின் கைக்கு வந்து, 1975-ல் சரணாலயமாகி, 1978-ல் தேசியப் பூங்கா ஆனது. தென்னிந்தியாவிலேயே உசத்தியான சிகரமான ஆனைமுடி, 2,695 மீட்டர், இதற்குள்தான் இருக்கிறது. நாம் அண்ணாந்து பார்த்துக்கொள்ளலாம். ஏற விடமாட்டார்கள். நமக்கு அனுமதி, ஒரு தார் ரோடு மட்டுமே.

பஸ்ஸை விட்டு இறங்கி இருபதடி போவதற்குள் பையன் இரண்டு கையையும் தூக்கிவிட்டான். "தூக்கு!"

இந்தப் பக்கத்து மலைகளில் முதுவர் என்கிற மக்கள் இருக்கிறார்கள். மதுரையிலிருந்து பிள்ளைகளையும் தெய்வத்தையும் முதுகில் சுமந்துகொண்டு மலையேறி வந்தவர்கள் என்பது அவர்கள் சொல்லிவரும் கதை. அதனால்தான் அந்தப் பெயராம். மதுரையிலிருந்து மலை வரைக்கும்! நான் முதல் வளைவுக்குள்ளேயே மூன்று தோள் மாற்றிவிட்டேன் (எனக்கு இருப்பது இரண்டுதான் என்றாலும்).

மகள் மட்டும் யார் கையையும் பிடிக்காமல், ஒவ்வொரு வளைவையும் எண்ணிக்கொண்டு முன்னால் போனாள். மூன்றாவது வளைவில் நின்றாள். பள்ளத்திலிருந்து வெள்ளையாக மஞ்சு ஏறி வந்து, பத்தடிக்கு அந்தப் பக்கம் என்ன இருக்கிறது என்று தெரியாமல் பண்ணிவிட்டது. அந்த நிசப்தத்தில் எனக்குக் கேட்டது ஒரே சத்தம். அவள் நெஞ்சிலிருந்து வந்த மெல்லிய விசில்.

உட்கார்ந்தோம். இன்ஹேலர். வீட்டுக்காரி எதுவும் பேசவில்லை. பிள்ளையின் முதுகில் காதை வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தாள். 'பத்து நிமிஷம், இல்லேன்னா கிளம்பு' என்பது அந்தப் பார்வைக்கு அர்த்தம். அந்தப் பத்து நிமிஷத்தை எந்த ஆபீஸ் கடிகாரத்திலும் அளக்க முடியாது, சார்.

"அப்பா... ஆடு."

ரோட்டோரப் பாறையின் மேல் ஒரு தாய் வரையாடு. அதன் காலடியில் நாலைந்து மாசக் குட்டி. வரை என்றால் மலை, அதனால் வரையாடு. நம் தமிழ்நாட்டின் மாநில விலங்கே இதுதான் என்றாலும், மிகப் பெரிய கூட்டம் இருப்பது கேரளத்து இரவிகுளத்தில். குட்டி போடும் சமயத்தில், பெரும்பாலும் பிப்ரவரி, மார்ச்சில், பார்க்கையே மூடிவிடுகிறார்கள். பிரசவ வார்டில் விசிட்டர்களை விடமாட்டார்கள் இல்லையா, அதுபோல! அந்தக் குட்டி, செங்குத்துப் பாறையில் தடதடவென்று இறங்கியது, ஏறியது, மறுபடி இறங்கியது. மகள் அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். மூச்சு எப்போது சீரானது என்று அவளுக்கே தெரியவில்லை.

"சத்தம் இல்லீங்க" என்றாள் வீட்டுக்காரி, காதை எடுக்காமலே.

"திரும்பிடலாமா, கண்ணு?"

"ரோடு முடியற வரைக்கும் போகணும்."

போனோம், கல்யாண ஊர்வல வேகத்தில். பின்னால் வந்தவர்களெல்லாம் எங்களைத் தாண்டிப் போனார்கள். வழியோரப் புதர்களைக் காட்டி, "இதெல்லாம் நீலக்குறிஞ்சி. பன்னிரண்டு வருஷத்துக்கு ஒரு தரம்தான் பூக்கும். பூத்ததும் செடி செத்துடும், விதையிலேர்ந்து புதுசு முளைக்கும். கடைசியா 2018-ல பூத்துது" என்றேன்.

"நான் பிறந்த வருஷம்!"

"ஆமா. இந்தச் செடியெல்லாம் ஏறக்குறைய உன் வயசுதான்."

பழனி மலைப் பக்கத்துப் பளியர்கள் குறிஞ்சி பூப்பதை வைத்தே வயசைக் கணக்கிட்டதாகச் சொல்வார்கள். அந்தக் கணக்கில் எனக்கு மூணு குறிஞ்சி. முட்டி மட்டும் ஆறு குறிஞ்சி என்றது.

கடைசியில் ரோடு முடியும் இடத்தில் தடுப்பு. அதற்கு மேல் அனுமதி இல்லை. ஆனைமுடி முழுக்க மேகத்துக்குள். பையன் என் தோளில் தூங்கிப்போயிருந்தான். அவள் போய்த் தடுப்பைத் தொட்டுவிட்டு வந்தாள். ஸ்போர்ட்ஸ் டேயில் மற்ற பிள்ளைகள் எல்லைக் கோட்டைத் தொடுவதை அவள் எவ்வளவு உன்னிப்பாகப் பார்த்திருக்கிறாள் என்று அப்போதுதான் எனக்குத் தெரிந்தது. வீட்டுக்காரி சட்டென்று மலைப்பக்கம் திரும்பி, இல்லாத ஆனைமுடியைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

திரும்பும்போது பஸ்ஸில் கணக்குப் போட ஆரம்பித்தாள்.

"அடுத்து எப்போப்பா பூக்கும்?"

"2030."

"எனக்குப் பன்னிரண்டு. தம்பிக்கு?"

"எட்டரை, ஒன்பது ஆகும்."

தூங்குகிறவனை ஒரு பார்வை பார்த்தாள். "அப்போ அவனே நடந்து வரட்டும். நீங்க தூக்கக் கூடாது."