கண்டம் பண்ணக் காரணம் எழுது

அரசு பாலிடெக்னிக்கில் கம்ப்யூட்டர் லேபைப் பார்த்துக்கொண்ட ஆள் நான். அங்கே ஒரு மெஷினைக் கண்டம் பண்ணுவது, அதாவது இனி உதவாது என்று கணக்கிலிருந்து கழிப்பது, லேசுப்பட்ட காரியம் இல்லை. எந்த வருஷம் வாங்கியது, என்ன விலை, எது கெட்டுப்போனது, சரிசெய்ய எவ்வளவு ஆகும் என்று ஸ்டாக் ரிஜிஸ்டரைப் பார்த்து எழுதி மேலே அனுப்ப வேண்டும். ‘பழசாகிவிட்டது’ என்று மட்டும் எழுதினால் ஃபைல் போன வேகத்தில் திரும்பி வரும். எரிச்சலூட்டுகிற நடைமுறைதான். ஆனாலும் சர்க்கார் ஆபீசில் நான் பார்த்த உருப்படியான நடைமுறைகளில் அதுவும் ஒன்று. முதல் போனஸ் கைக்கு வந்ததும் ‘லேப்டாப்பை மாத்தலாம்னு இருக்கேன் சார்’ என்று வருகிற பிள்ளைகளிடம் அதையேதான் சொல்கிறேன். வாங்காதே என்று சொல்லவில்லை தம்பி. அதற்கு முன்னால், கையில் ஓடிக்கொண்டிருப்பதைக் கண்டம் பண்ணக் காரணம் எழுது. ஒரு வெள்ளைத்தாளில், உன் கையெழுத்தில்.

பெரும்பாலும் முதல் வரி ‘ரொம்ப ஸ்லோவா இருக்கு’ என்றுதான் வரும். காய்ச்சல் என்று வந்தவனை டாக்டர் நேராக ஆபரேஷனுக்கு அனுப்புவதில்லை. எதனால் ஸ்லோ என்பதல்லவா கேள்வி?

கன்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்தினால் விண்டோஸில் டாஸ்க் மேனேஜர் திறக்கும். தினமும் செய்கிற வேலையைச் செய்துகொண்டே அதைக் கவனி. பிராசசர் சும்மா உட்கார்ந்திருக்க, டிஸ்க் மட்டும் நூறு சதவீதத்தில் நின்றால், பழைய மெஷின்களில் குற்றவாளி அநேகமாக ஹார்டு டிஸ்க்தான். லேப்டாப்புகளில் வந்த ஹார்டு டிஸ்க் பெரும்பாலும் நிமிஷத்துக்கு 5,400 சுற்று சுற்றுவது. எங்கெங்கோ சிதறிக் கிடப்பதைத் தேடித் தேடிப் படிக்கும். அதைக் கழற்றி எஸ்எஸ்டி போட்டால், ஆன் ஆவதற்கே நிமிஷக் கணக்கில் முனகிய மெஷின் பட்டென்று எழுந்து நிற்கும். பழைய லேப்டாப்புக்குச் செய்யும் செலவில் இவ்வளவு பலன் தருவது வேறு எதுவும் இல்லை என்பது என் அனுபவம்.

டிஸ்க் சாதாரணமாக இருந்து, மெமரி தொண்ணூறைத் தாண்டி நிற்கிறதா? ராம் போதவில்லை. நாலு ஜிபியை வைத்துக்கொண்டு குரோமில் இருபது டேப் திறந்தால் திணறத்தான் செய்யும். ஸ்லாட் இருந்தால் ராம் கூட்டலாம். மெல்லிசான மாடல்கள் பலவற்றில் ராமைப் போர்டிலேயே சால்டர் செய்துவிடுகிறார்கள், அங்கே வழியில்லை. 2025 கடைசியில் ஏஐ டேட்டா சென்டர்கள் மெமரி சிப்புகளை அள்ளிக்கொண்டு போனதில் ராம் விலை எகிறியது. அதனால் சென்னை ரிச்சி ஸ்ட்ரீட்டிலோ உன் ஊர் சர்வீஸ் கடையிலோ அன்றைய விலையைக் கேட்டுவிட்டு முடிவு செய்.

ஆரம்பத்தில் நன்றாக ஓடி, கொஞ்ச நேரத்தில் தொங்குகிறது என்றால் சூடு. சூடு ஏறினால் பிராசசர் தன்னைக் காப்பாற்றிக்கொள்ளத் தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும். மெத்தைமேல் வைத்துப் படம் பார்க்கிற பிள்ளைகளின் லேப்டாப்பைத் திறந்தால், ஃபேனுக்குள் விளக்குத் திரி திரிக்கிற அளவுக்குப் பஞ்சு இருக்கும். தூசி தட்டி, பிராசசர்மேல் காய்ந்துபோன தெர்மல் பேஸ்ட்டை மாற்றினால் பெரும்பாலும் தீர்ந்தது. சார்ஜ் நிற்கவில்லை என்றால் பேட்டரியை மட்டும் மாற்றலாம். லித்தியம் பேட்டரி சில நூறு தடவை ஏற்றி இறக்கியதும் தளர்வது இயற்கை. டச்பேட் மேலே தூக்கிக்கொண்டு வந்தால் மட்டும் தாமதிக்காதே. உள்ளே பேட்டரி வீங்கியிருக்கலாம். சார்ஜ் போடாமல் கடைக்குக் கொண்டு போ.

2011-இல் தமிழக அரசு இலவச லேப்டாப் கொடுக்க ஆரம்பித்தபோது எங்கள் மாணவர்களுக்கும் வந்தது. அதை வைத்து டிப்ளமோ முடித்து, வேலைக்குப் போய், ராம் கூட்டி, டிஸ்க் மாற்றி, தங்கச்சி படிப்புக்கும் கைமாற்றிவிட்ட பையன்களைப் பார்த்திருக்கிறேன். அவர்கள் யாரும் கஞ்சர்கள் இல்லை. மெஷினுக்குள் என்ன இருக்கிறது என்று தெரிந்தவர்கள், அவ்வளவுதான்.

சரி, எழுதத் தகுந்த காரணமே கிடையாதா? இருக்கிறது. விண்டோஸ் 10-க்கு மைக்ரோசாஃப்ட் கொடுத்துவந்த ஆதரவு 2025 அக்டோபர் 14-ஓடு முடிந்தது. விண்டோஸ் 11-க்கு டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்பு வசதி மெஷினில் வேண்டும், இன்டெல் என்றால் பொதுவாக எட்டாம் தலைமுறையும் அதற்குப் பிறகும்தான். திடமாக ஓடுகிற எத்தனையோ மெஷின்கள் இந்த ஒரு விதியால் வெளியே நிற்கின்றன. எனக்கு இது அநியாயமாகத்தான் படுகிறது. ஆனால் பாதுகாப்பு அப்டேட் வராத மெஷினில் பேங்க் வேலை பார்ப்பது அதைவிடப் பெரிய முட்டாள்தனம். கூடுதல் அப்டேட்டுக்குப் பதிவு செய்தவர்களுக்கும் வீட்டு உபயோகத்துக்கு 2026 அக்டோபர் வரைதான் கெடு. பிரவுசரும் டைப்பிங்கும் மட்டும்தான் உன் வேலை என்றால் லினக்ஸ் மின்ட் போட்டுப் பார், காசில்லாமல் கிடைக்கிறது. ஆபீஸ் வேலைக்கு விண்டோஸே கட்டாயம், உன் மெஷின் 11-ஐ ஏற்காது என்றால், தாளில் அதை எழுதிக் கையெழுத்துப் போடலாம். ஃபைல் பாஸ்.

வேலை நிற்பதும் காரணம்தான். சிவில் முடித்த பெண்ணுக்கு முப்பரிமாணக் கட்டட மாடல் திறக்கவே பத்து நிமிஷம் ஆகிறது, வீடியோ எடிட் செய்கிற பையன் ரெண்டர் போட்டுவிட்டுத் தூங்கப் போகிறான் என்றால் யோசிக்கவே வேண்டாம். அவர்களுக்கு லேப்டாப் சோறு போடுகிற கருவி. மதர்போர்டு போய், சரிசெய்யும் செலவு மெஷினின் இன்றைய மதிப்பைத் தொட்டாலும் அப்படியே.

மிச்சமிருப்பது ஒரு காரணம். யாரும் தாளில் எழுதாதது. பக்கத்து சீட்டுக்காரன் புதுசு வைத்திருக்கிறான்; கான்ஃபரன்ஸ் ரூமில் உன்னுடையதைத் திறக்கக் கூச்சமாக இருக்கிறது. அதையும் எழுது தம்பி, தப்பில்லை. ‘ஆசையாக இருக்கிறது’ என்பதும் ஒரு காரணம்தான். ஆசைக்கு வாங்கினேன் என்று தெரிந்து வாங்குகிறவன் அளவோடு வாங்குவான். தேவை என்று தன்னையே நம்பவைத்துக்கொண்டு வாங்குகிறவன்தான் இருப்பதிலேயே விலை கூடியதைத் தூக்கிக்கொண்டு வருவான். என் கணக்கில் ஒரே நிபந்தனை: ஆசைக்கு வாங்குவதைச் சேர்த்த காசில் வாங்கு, தவணையில் வேண்டாம். ‘நோ காஸ்ட் இஎம்ஐ’ என்று பலகை வைத்திருந்தாலும், கிரெடிட் கார்டுத் தவணைகளில் வட்டிப் பகுதிக்கு ஜிஎஸ்டியும் பிராசசிங் கட்டணமும் பெரும்பாலும் உன் தலையில்தான் விழும்.

வாங்குவது என்று முடிவானால் மாடல் நம்பரைப் பார்த்து மயங்காதே. ஏஎம்டியின் ரைசன் 7020 வரிசை 2022-இல் வந்தது. உள்ளே இருக்கும் ஜென் 2 வடிவமைப்பு 2019-இல் வெளிவந்தது. ஆக, பெட்டியில் பெரிய எண் இருப்பதால் உள்ளே புதுசு என்று அர்த்தமில்லை. போன வருஷத்து மாடல் விலை குறைந்து கிடைத்தால் பெரும்பாலான வேலைக்கு அதுவே போதும். ராம் சால்டர் செய்ததென்றால் பின்னால் கூட்ட முடியாது. ஆரம்பத்திலேயே 16 ஜிபி எடு. உன் ஊரில் சர்வீஸ் சென்டர் இருக்கிறதா என்றும் விசாரி. விளம்பரத்தில் வராத சமாசாரம் அது.

பழையதை எக்ஸ்சேஞ்சில் கொடுத்தால் சொற்பம்தான் தேறும். காலேஜில் சேருகிற யாருக்காவது கொடுக்கலாம். கைமாற்றும் முன் ரீசெட் செய்யும்போது, டிரைவை முழுமையாகச் சுத்தம் செய்யும் வசதியைத் தேர்ந்தெடு. ஃபைலை டெலிட் செய்வதால் மட்டும் அழிந்துவிடாது. உன் பான் கார்டு நகலையும் சம்பளச் சீட்டையும் மீட்டெடுக்க வழி இருக்கிறது. எதற்கும் ஆகாது என்ற நிலையில் இருந்தால் மின்கழிவு வாங்குமிடத்தில் சேர்த்துவிடு. பேட்டரியை மட்டும் வீட்டுக் குப்பையோடு போட்டுவிடாதே. வண்டியில் நசுங்கினால் தீப்பிடிக்கும்.