ஒழுகுற எடம் ஒண்ணு, ஓட்டை இருக்குற எடம் ஒண்ணு

பழைய லாரி வச்சிருக்கறவங்ககிட்ட போய் "வண்டில ஆயில் ஒழுகுது"ன்னு சொல்லிப் பாருங்க, சிரிப்பாங்க. ஒழுகலைன்னாதான் பயப்படணும், உள்ள ஆயிலே இல்லைன்னு அர்த்தம்னு ஒரு அரதப்பழசு ஜோக் இருக்கு. ஆனா ஒரே ஒரு வண்டிய நம்பி ஒரு குடும்பம் ஓடுற வீட்டுல அந்த ஜோக் அவ்வளவா எடுபடாது.

எங்க சித்தப்பா அந்த ரகம். நாமக்கல்லுல ஒத்தை லாரி ஓனர். அவரே டிரைவரும். ஆறு சிலிண்டர் டீசல் வண்டி, வயசு 19. எட்டு வருசம் தாண்டுன லாரிக்கு வருசா வருசம் எஃப்.சி. காட்டியாகணும். அதுக்கு ரெண்டு மாசம் இருக்கும்போது இஞ்சின் நாலா பக்கமும் ஒழுக ஆரம்பிச்சுடுச்சு. சென்னைக்கு ஒரு தடவை போயிட்டு வந்தா ஒன்றரை லிட்டர் ஆயில் ஊத்த வேண்டியிருந்தது. வழக்கமா பார்க்குற பட்டறையில, "முன்சீல், பின்சீல், டேப்பட் கவர், சம்ப் எல்லாம் போச்சுங்கண்ணா. ரிங் தேஞ்சிருச்சு. இஞ்சினை எறக்கி லைனர் பிஸ்டன் மாத்தணும், ஒன்றரை லட்சம் ஆகும்"னு சொல்லிட்டாங்க. தங்கச்சி காலேஜ் ரெண்டாம் வருசம். சித்தப்பா வண்டிய வித்துடலாம்னு புரோக்கர்கிட்ட பேசியே வச்சுட்டார். வித்துட்டு? வேற யாராச்சும் வண்டிக்கு டிரைவராப் போகணும். அம்பத்தி மூணு வயசுல.

நான் ஊருக்குப் போனது அந்த வாரம்தான். நான் மெக்கானிக்கல் எஞ்சினியரிங் படிச்சுட்டு சென்னையில பொட்டி தட்டுற கோடிக்கணக்கான ஜீவன்கள்ல ஒருத்தன் :) இஞ்சினைப் பத்தித் தெரிஞ்சதெல்லாம் பரீட்சைக்கு முந்தின ராத்திரி படிச்சதுதான். ஆனா கணக்கு வரும். வண்டிய ஐடிலிங்ல விட்டு கீழ ஒரு அட்டைப்பெட்டிய விரிச்சு எண்ணினேன். எல்லா எடத்தையும் சேர்த்து ரெண்டு செகண்டுக்கு ஒரு சொட்டு. 20 மணி நேர ஓட்டத்துக்கு 36,000 சொட்டு. தோராயமா 30 சொட்டு ஒரு மில்லின்னு வச்சாக்கூட 1.2 லிட்டர். ஓடும்போது இன்னும் கொஞ்சம் கூடும். அப்போ குறையுற ஆயில் மொத்தமும் ரோட்டுக்குத்தான் போகுது, எரிஞ்சு போகல. சைலன்சர்ல நீலப் புகையும் இல்ல. காலையில அரை சுத்துல ஸ்டார்ட் ஆகுது. ரிங் தேஞ்ச வண்டி இப்படியா இருக்கும்?

"ஏனுங்க சித்தப்பா, இன்னொருத்தர்கிட்ட காட்டலாமுங்களா?"ன்னு கேட்டேன். "காட்டு கண்ணு. விக்கிறதுக்கு முன்னாடி ஒரு தடவை"ன்னார்.

ரெண்டாவதா பார்த்தவர் அறுபது வயசுப் பெரியவர். சின்னப் பட்டறை. அவர் மொதல்ல ஸ்பேனரைத் தொடவே இல்ல. ஒவ்வொரு சொட்டையும் விரல்ல தொட்டு மோந்து பார்த்தார். இஞ்சின் ஆயில்னா டீசல் வண்டில கன்னங்கரேல்னு இருக்கும். கியர் பாக்ஸ் ஆயில் பிசுபிசுன்னு கந்தக நாத்தம் அடிக்கும். டீசல்னா தண்ணியா ஓடும், வாசனையே சொல்லிடும். டீசல் பைப் கசிஞ்சு இஞ்சின்ல படிஞ்ச பழைய அழுக்கைக் கரைச்சுக்கிட்டு வந்தா அது ஆயில் லீக் மாதிரியே தெரியுமாம். மொதல் கேள்வியே "எங்க ஒழுகுது" இல்ல, "என்ன ஒழுகுது".

அடுத்தது குளியல். டீசலும் சோப்பும் போட்டு இஞ்சினைப் பளிச்சுன்னு கழுவி, காய விட்டு, மேல இருந்து கீழ வரைக்கும் முகத்துக்குப் போடுற டால்கம் பவுடரைத் தூவினார். கல்யாண மாப்பிள்ளை மாதிரி இருந்துச்சு இஞ்சின். ஸ்டார்ட் பண்ணி அரை மணி நேரம். வெள்ளைப் பவுடர் மேல கருப்புக் கோடு ஒண்ணொண்ணா இறங்க ஆரம்பிச்சுது.

இங்கதான் விசயமே. ஆயில் கீழ இறங்கும், ஃபேன் காத்துல பின்னாடியும் போகும். அதனால ஒழுகுற எடத்துல ஓட்டை இருக்காது. ஈரம் பட்ட எடத்துலயே எது உசரமோ, எது முன்னாடியோ, அங்கதான் ஆரம்பம். பின்சீல் போச்சுன்னு சொன்னாங்களே, அந்தக் கோட்டைப் புடிச்சுக்கிட்டே மேல போனா டேப்பட் கவரோட பின் மூலையில போய் நின்னுச்சு. அங்க கசிஞ்சு, இஞ்சின் முதுகு வழியா இறங்கி, ஃப்ளைவீல் ஹவுசிங் அடியில சொட்டிக்கிட்டிருந்தது. பின்சீல் மாத்தணும்னா கியர் பாக்ஸையும் கிளட்சையும் எறக்கணும். டேப்பட் கவர் பேக்கிங் மாத்த நாலஞ்சு போல்ட்டு கழட்டினாப் போதும். அந்தத் தகரக் கவரை ஒழுகுதேன்னு வெறி புடிச்ச மாதிரி இறுக்கினா கவர் வளைஞ்சு இன்னும் அதிகமா ஒழுகும். யாரோ அதையும் ஏற்கனவே பண்ணி வச்சிருந்தாங்க.

சரி, முன்சீல் நெசமாவே ஒழுகுது, டேப்பட் கவர் ஒழுகுது, சம்ப் ஓரம் கசியுது. மூணும் ஏன் ஒரே நேரத்துல? எங்க ஆபீஸ்ல பத்து மாட்யூல் ஒண்ணா ஊத்திக்கிச்சுன்னா பத்து பேரையும் திட்ட மாட்டோம், பத்துக்கும் பொதுவா என்ன இருக்குன்னு தேடுவோம். பெரியவரும் அதேதான் செஞ்சார். "உள்ள காத்து நிக்குது தம்பி"ன்னார்.

எந்த இஞ்சின்லயும் பிஸ்டன் ஓரமா கொஞ்சம் கேஸ் கீழ இறங்கத்தான் செய்யும். அது வெளிய போறதுக்கு ப்ரீதர்னு ஒரு குழாய் இருக்கு. அது அடைச்சா இஞ்சினோட அடிவயிறு பலூன் மாதிரி அழுத்தம் ஏறி, எந்த சீல் பலவீனமோ அது வழியா ஆயிலைத் தள்ளும். ப்ரீதரைக் கழட்டினா உள்ள தார் மாதிரி கசடு, முக்கால்வாசி அடைப்பு. சுத்தம் பண்ணி மாட்டினார். ஆயில் ஊத்துற மூடியைத் திருப்பி வாய் மேல சும்மா வச்சார். இன்னமும் டக் டக்குனு குதிச்சுது. எனக்கு வயித்தைக் கலக்கிடுச்சு. அப்போ ரிங்தானா?

பெரியவர் ஒண்ணும் பேசல. பிரேக் ஏர் டேங்க்ல இருந்த காத்தையெல்லாம் எறக்கிவிட்டார். தண்ணியோட கருப்பா ஆயிலும் வந்துச்சு. மறுபடி ஸ்டார்ட். ஏர் மீட்டர் முள்ளு ஏற ஏற மூடி குதிச்சுக்கிட்டே இருந்தது. 7 கிலோவைத் தாண்டினதும் அன்லோடர் வால்வு புஸ்ஸ்ஸ்னு விட்டுச்சு பாருங்க... மூடி கப்சிப். லேசா ஒரு நடுக்கம், அவ்வளவுதான்.

லாரில ஏர் பிரேக்குக்குக் காத்து அடைக்குற கம்ப்ரஸருக்கும் இஞ்சின் ஆயில்தான் போகுது, அது திரும்பி இஞ்சினுக்குள்ளயேதான் வருது. கம்ப்ரஸர் ரிங் தேஞ்சுட்டா அது அழுத்துற காத்து அந்த வழியா இஞ்சின் அடிவயித்துல இறங்கிடும். டேங்க் நிறைஞ்சு கம்ப்ரஸருக்கு வேலை இல்லாதப்போ அழுத்தமும் போயிடும். இஞ்சின் ரிங் தேஞ்சிருந்தா டேங்க் நிறைஞ்சாலும் மூடி குதிச்சுக்கிட்டேதான் இருக்கும். ஒரு மூடியையும் ஒரு மீட்டரையும் வச்சு ஒன்றரை லட்சத்தைத் தீர்ப்பு சொல்லிட்டார் மனுசன். இன்டர்னல் கம்பஸ்டன் இஞ்சின் பேப்பர்ல எனக்கு எம்பது மார்க்கு. இதை எவனும் கேட்கல.

கம்ப்ரஸர் வேலை, டேப்பட் கவர் பேக்கிங், முன்சீல், கூலி எல்லாம் சேர்த்து 14,000 ரூபாய். முன்சீல் உரசுற எடத்துல தண்டுல பள்ளம் விழுந்திருந்தது. அதே எடத்துல புது சீல் அடிச்சா புதுசும் ஒழுகும்னு ரெண்டு மில்லிமீட்டர் தள்ளி அடிச்சார். சம்ப்பைத் தொடவே இல்ல. "அது வேர்வை, ஒழுக்கு இல்ல. விடுங்க"ன்னுட்டார். எஃப்.சி. ஆயிடுச்சு. இப்போ சென்னை போயிட்டு வந்தா 200 மில்லி குறையுது. புரோக்கர் ரெண்டு தடவை போன் பண்ணினாராம், சித்தப்பா எடுக்கவே இல்லையாம்.

வண்டி வச்சிருக்கறவங்களுக்கு ரெண்டே வார்த்தை. ஒழுக்கைக் காசோட மட்டும் முடிச்சுப் போடாதீங்க. வளைவுல நம்ம வண்டி விட்டுட்டுப் போற ஆயில்ல பின்னாடி டூவீலர்ல வர்ற யாரோ ஒருத்தர் சறுக்குவார், நமக்குத் தெரியக்கூடத் தெரியாது. சூடான மேனிஃபோல்டு மேல சொட்டினா தீப்புடிக்கும். அளவு ரொம்பக் குறைஞ்சா பேரிங் அடிச்சுடும், அப்போ நெசமாவே இஞ்சினை எறக்கணும்.

அதே நேரம், "எல்லாம் போச்சு"ன்னு யாராச்சும் சொன்னா மொதல்ல கழுவுங்க. அப்புறம் பவுடர். அதுக்கப்புறம் ஸ்பேனர்.