முப்பத்தொன்பதாவது வாரம்

எங்கள் பக்கத்தில் தலைப்பிரசவம் அம்மா வீட்டில்தான். வளைகாப்பு முடிந்து அக்கா வந்து இரண்டு மாதமாகிறது. செமஸ்டர் லீவில் இருக்கும் எனக்கு எடுபிடி உத்தியோகம். பாடத்திட்டத்தில் இல்லாத பல விஷயங்களை இதில் கற்றுக்கொண்டேன்.

முதலில் அந்தத் தேதி. டாக்டர் அட்டையில் எழுதிக் கொடுத்ததை வீடே பரீட்சைத் தேதி மாதிரி நினைக்கிறது. கடைசி மாதவிலக்கின் முதல் நாளிலிருந்து 280 நாள் கூட்டிப் போடுவது, அவ்வளவுதான். சரியாக அன்றைக்கே பிறக்கும் குழந்தை இருபதில் ஒன்று இருந்தால் பெரிது. 37 வாரம் முடிந்துவிட்டால் எப்போது வேண்டுமானாலும் வலி எடுக்கலாம். ஆக ஒரு நாளுக்காக அல்ல, மூன்று நான்கு வாரத்தில் எந்த ராத்திரிக்கும் தயாராக இருக்க வேண்டும்.

பை தயார். அப்பாயியின் பழைய நூல் புடவைகளை வெந்நீரில் அலசி, வெயிலில் காயவைத்து, சதுரம் சதுரமாகக் கிழித்து வைத்தாகிவிட்டது. புதுத் துணி குழந்தைக்கு உறுத்துமாம். ஃபிளாஸ்க், நைட்டி, ஆதார் நகல், எல்லா ஸ்கேன் ரிப்போர்ட்டும், நர்சம்மா பதிவு செய்து கொடுத்த பிக்மி எண்ணும். பிறப்புச் சான்றிதழ் வாங்கும்போது அந்த எண்ணைக் கேட்பார்கள் என்பதால் அதை மட்டும் மூன்று இடத்தில் எழுதி வைத்திருக்கிறாள் அக்கா.

அப்பாயியிடம் வேறொரு பாடம். வயிறு இறுக்கிப் பிடித்து வலித்தால் உடனே சீரகக் கஷாயம் வைத்துக் கொடுப்பார். "சூட்டு வலின்னா அடங்கிரும், பிள்ள வலின்னா ஏறும்" என்பார். யோசித்துப் பார்த்தால் இதில் விஷயம் இருக்கிறது. தண்ணீர் குடித்து ஓய்வெடுத்தால் பொய் வலி பெரும்பாலும் விட்டுப்போகும். நிஜ வலி விடாது. இடைவெளி குறைந்துகொண்டே வரும், பலமும் கூடும். டாக்டர் சொன்னதும் கிட்டத்தட்ட இதுதான், கஷாயம் மட்டும் இல்லை. ஆனால் பனிக்குடம் உடைந்தாலோ, ரத்தம் பட்டாலோ, தலைவலியோடு கண் மங்கினாலோ கஷாயத்துக்கெல்லாம் காத்திருக்கக் கூடாது, கிளம்பிவிட வேண்டும்.

எல்லாப் பழைய பேச்சும் இப்படிப் பொருந்தாது. 37வது வாரத்தில் ஒரு சாயங்காலம், மதியத்திலிருந்து அசைவு குறைவாக இருக்கிறது என்றாள் அக்கா. "கடைசி மாசம் வயித்துல எடம் பத்தாதும்மா, அப்படித்தான் இருக்கும்" என்றார் அம்மா. ஊரில் எல்லோரும் சொல்வதுதான் இது. உண்மையில் அசைவின் தன்மை கொஞ்சம் மாறலாமே தவிர, பிரசவம் வரைக்கும் அசைவு குறையக் கூடாது. குறைந்தால் அது குழந்தை தரும் தகவல். அக்கா சாப்பிட்டுவிட்டு இடது பக்கமாகப் படுத்து எண்ணினாள். இரண்டு மணி நேரத்துக்குள் பத்தாவது வர வேண்டும். நாலுதான் வந்தது.

அப்பா காலண்டரைப் பார்த்தார். அன்றைக்கு அஷ்டமி. "காலையில முதல் வேலையா போயிடலாம்டா" என்றார். அத்தானுக்குப் போன் போட்டால் எடுக்கவில்லை, நைட் ஷிப்ட். அக்கா யாரோடும் வாதாடவில்லை. தெருமுனை ஆட்டோக்கார அண்ணனுக்குத் தானே போன் செய்தாள், செருப்பை மாட்டிக்கொண்டு வாசலில் போய் நின்றுவிட்டாள். நான் பையைத் தூக்கிக்கொண்டு பின்னால் ஓடினேன்.

ஆஸ்பத்திரியில் வயிற்றில் பெல்ட் கட்டி அரை மணி நேரம் இதயத் துடிப்பை ஓடவிட்டார்கள். குதிரை ஓடுகிற மாதிரி ஒரு சத்தம். அக்கா அதைக் கேட்டுத்தான் அழுதாள். துடிப்பு நன்றாக இருந்தது. ஸ்கேனும் பார்த்துவிட்டு, மறுபடி குறைந்தாலும் இப்படியே வாருங்கள் என்று அனுப்பினார்கள். வீட்டுக்கு வந்ததும், "பாத்தியா, ஒண்ணுமில்ல. இதுக்குப் போயி ராத்திரில..." என்று ஆரம்பித்தார் அப்பா. அப்பாயிதான் அவரை நிறுத்தினார். மருத்துவச்சி வைத்து வீட்டிலேயே ஏழு பெற்றவர், இருப்பது ஐந்து. "அவ வயித்துல என்னன்னு அவளுக்குத்தாண்டா தெரியும். எனக்கும் அன்னைக்குத் தெரிஞ்சுது. யாரு கேட்டா?" என்றார். அதற்குமேல் ஒரு வார்த்தை இல்லை. இத்தனை வருடத்தில் அந்த இரண்டு பிள்ளைகளைப் பற்றி அவர் பேசி நான் கேட்டது அன்றைக்குத்தான்.

செரீன் தாடியஸ், டெபோரா மெய்ன் என்ற இருவர் 1994இல் எழுதிய ஒரு கட்டுரையைப் பிறகு தேடிப் படித்தேன். பிரசவத்தில் தாய்மார்கள் இறப்பதற்குப் பின்னால் மூன்று தாமதங்களைச் சொல்கிறார்கள். போவது என்று முடிவெடுப்பதில் தாமதம், போய்ச் சேர்வதில் தாமதம், சேர்ந்த இடத்தில் சிகிச்சை கிடைப்பதில் தாமதம். இரண்டாவதற்கு இன்றைக்கு 108 இருக்கிறது, எங்கள் மாநிலத்தில் 2008இலிருந்து. தஞ்சாவூர் ராசா மிராசுதார் ஆஸ்பத்திரி ஒரு மணி நேரத் தூரம். ஆனால் முதல் தாமதம் வீட்டுக் கூடத்தில், காலண்டருக்குக் கீழே உட்கார்ந்திருக்கிறது. அதற்கு எந்த நம்பரை அழைப்பது?

அக்கா ஒரு வழி செய்திருக்கிறாள். ஃபிரிட்ஜ் கதவில் ஒரு தாள். 108, ஆட்டோ அண்ணன், அவர் வராவிட்டால் பால்காரர் வீட்டு வேன், அதே ரத்த வகை உள்ள சித்தப்பா, எல்லார் நம்பரும் வரிசையாக. அதற்கு மேலே கொட்டை எழுத்தில்: "நான் போகணும்னு சொன்னா கிளம்பணும். யாரையும் கேக்க வேண்டாம்." அத்தான் போன ஞாயிற்றுக்கிழமை வந்தபோது அதைப் படித்துவிட்டு, ஒன்றும் சொல்லாமல் கீழே கையெழுத்துப் போட்டார். அப்பா இன்னும் போடவில்லை. ஆனால் முந்தாநாள் ஆட்டோ அண்ணனிடம், ராத்திரி வண்டியை எங்கே நிறுத்துவாய், டீசல் இருக்கிறதா என்று விசாரித்துக்கொண்டிருந்தார்.

நாளைக்கு 39 வாரம் முடிகிறது. இன்றைக்கு மத்தியானம் ஒரு மணி நேரத்திலேயே பத்து வந்துவிட்டது.