குலசை தசராவும் அப்பாவின் தகரக் குவளையும்

நவராத்திரி என்றால் சென்னைக்காரர்களுக்குக் கொலுவும் சுண்டலும். திருச்செந்தூர், உடன்குடிப் பக்கத்துக்காரர்களுக்கு அது குலசை. இப்போது ராக்கெட் ஏவுதளத்தால் பேர் அடிபடுகிற குலசேகரன்பட்டினம்தான். அங்கே முத்தாரம்மனும் ஞானமூர்த்தீஸ்வரரும் ஒரே பீடத்தில் சேர்ந்து அமர்ந்திருக்கிறார்கள்.

கொடியேறியதும் காப்புக் கட்டுவார்கள். பிறகு ஊர் ஊராக வேடம்தான். காளி, குறவன், குறத்தி, ராஜா, போலீஸ், கரடி, குரங்கு, பிச்சைக்காரர் என்று நேர்ந்துகொண்டபடி கட்டுவார்கள். காளி வேடம் லேசல்ல. பல நாள் விரதம், செருப்பில்லாத கால், தலையில் கனமான கிரீடம். மேளம் முழங்க ஆடிக்கொண்டே வீடு வீடாகப் போய்க் காணிக்கை கேட்க வேண்டும். விஜயதசமி இரவு கடற்கரையில் சூரசம்ஹாரம். மகிஷாசூரன் சிங்கத்தலை, எருமைத்தலை, சேவல் என்று மாறி மாறி வந்து அம்மனிடம் தோற்பான். பிரித்த பணம் அம்மன் உண்டியலில் சேரும்.

தென் அமெரிக்காவில், பொலிவியா நாட்டு ஒரூரோ நகரிலும் இப்படி ஒன்று உண்டு. ஏறத்தாழ 3,700 மீட்டர் உயரத்தில் உள்ள சுரங்க ஊர். அங்கே சுரங்க மாதாவுக்கு நேர்ந்துகொண்டவர்கள் கொம்பு வைத்த பிசாசு முகமூடி மாட்டி, பேண்டு வாத்தியத்தோடு ஆடுகிறார்கள். மூன்று வருடம் ஆடுவதாக வேண்டிக்கொள்வது வழக்கமாம். அங்கேயும் பிசாசுகள் கடைசியில் தேவதூதர் மிக்கேலிடம் தோற்கின்றன. 2001-ல் யுனெஸ்கோ அந்த விழாவைச் சிறப்பித்தது. யூடியூபில் அதைப் பார்த்தபோது, 'அட, நம்ம குலசை!' என்றேன்.

ஆனால் குலசையில் எனக்குப் பெரிதாகப் படுவது ஆட்டமல்ல, கையேந்துவது.

அறுபதுகளில் உடன்குடிப் பக்கம் அப்பா பலசரக்குக் கடை வைத்திருந்தார். கறாரான மனிதர். கடன் கேட்டு வருகிறவர்களை வாசலிலேயே நிற்கவைத்து, நாலு பேர் காதுபடப் பழைய பாக்கியை வாசிப்பார். ஒரு கோடையில் அம்மாவுக்கு அம்மை போட்டது. கண் திறக்க முடியாமல் கிடந்தாள். அப்பா முத்தாரம்மனுக்கு நேர்ந்துகொண்டார். எந்த வேடம் என்று யாரிடமும் சொல்லவில்லை.

அம்மா எழுந்துவிட்டாள். தசராவுக்கு அப்பா கட்டியது பிச்சைக்காரர் வேடம். கிழிந்த வேட்டி, முகத்தில் கரி, கையில் தகரக் குவளை. வெளியூருக்குப் போயிருக்கலாம், முதலில் எங்கள் தெருவுக்குத்தான் வந்தார். எந்த வேடமானாலும் அம்மன் பேரைச் சொல்லிக் கேட்டால் யாரும் இல்லை என்று சொல்லமாட்டார்கள். அந்த வாரம்தான் அப்பாவிடம் அரிசி கடன் கேட்டு வெறுங்கையோடு திரும்பியிருந்த ஒரு பாட்டி, முந்தானை முடிச்சை அவிழ்த்து ஐந்து பைசா போட்டாள். குவளையில் காசு விழுந்த சத்தம் எனக்குக் கேட்டது. அப்பா தலை நிமிரவில்லை.

அதற்குப் பிறகும் அவர் கறார்தான். கணக்கு நோட்டில் ஒரு பைசா விட்டவரில்லை. ஆனால் கடன் கேட்டு வருகிறவர்களை உள்ளே கூப்பிட்டு, உட்காரவைத்துத்தான் பேசினார். அந்தப் பாட்டி வந்தால் அம்மாவையே அளந்து கொடுக்கச் சொல்வார்.

இப்போது குலசையில் செலவும் ஆடம்பரமும் கூடிவிட்டன என்கிறார்கள். இருக்கலாம். ஆனால் சம்பளம் வாங்குகிறவர்களும் கடை முதலாளிகளும் சில நாளாவது கை நீட்டி நிற்கவேண்டும் என்று வைத்தார்களே, அதற்கு ஈடான பாடத்தை நான் எங்கும் படித்ததில்லை.

இங்கே பருத்திப்பட்டிலும் தசரா சமயத்தில் எங்கள் பக்கத்துப் பிள்ளைகள் ஒன்றிரண்டு பேர் வேடம் கட்டிக் கடைகளுக்கு வருவதுண்டு. "உழைச்சுச் சாப்பிடக் கூடாதா?" என்று யாராவது கேட்பார்கள். உழைக்கிறவன்தான் ஐயா, விரதத்துக்காக லீவு போட்டுவிட்டு வந்திருப்பான். முடிந்ததைப் போடுங்கள். முடியாவிட்டால் ஒரு கும்பிடு போதும்.