பேராவூரணிப் பக்கம் போயிருக்கிறீர்களா?

தேங்காய் விலை ஏறும்போதெல்லாம் கடைக்காரரோடு மல்லுக்கு நிற்கிறோம். அந்தத் தேங்காய் எந்த ஊர் மரத்தில் காய்த்தது என்று ஒரு நாளாவது கேட்டிருக்கிறோமா? கேட்டுப் பாருங்கள். "பொள்ளாச்சிக் காய் அம்மா" என்பார். இல்லாவிட்டால் "பேராவூரணிக் காய்" என்பார். பொள்ளாச்சியைச் சினிமாக்காரர்கள் நமக்குக் காட்டிக் காட்டிப் பழக்கிவிட்டார்கள். பேராவூரணிக்கு அந்தப் பாக்கியம் வாய்க்கவில்லை. ஆகவே இந்த வாரம் உங்களை அங்கே அழைத்துக்கொண்டு போகலாம் என்று உத்தேசம்.

தஞ்சாவூரிலிருந்து தெற்கே பட்டுக்கோட்டை. அங்கே பஸ் மாறினால் பேராவூரணி. ஜன்னல் ஓரமாக இடம் பிடித்துக்கொள்ளுங்கள். சாலையின் இரு புறமும் தென்னை, தென்னை, தென்னைதான். 'இதில் பார்க்க என்ன இருக்கிறது?' என்று கண்ணை மூடிவிடாதீர்கள். சற்று உற்றுப் பாருங்கள். ஒரு தோப்பில் வானளாவ ஒரே ஒரு மரம் தனியாக நிற்கும். அதன் காலடியில் உள்ள மற்ற மரங்கள் எல்லாம் ஒரே வகுப்புப் பிள்ளைகள் மாதிரி ஒரே உயரத்தில், ஒரே வயதில் இருக்கும். அடுத்த தோப்பிலும் அப்படித்தான். அவை எல்லாம் 2018-ம் வருஷத்துக்குப் பிறகு நட்டவை. அந்த ஒற்றை நெட்டை மரம் கஜாப் புயலுக்குத் தப்பியது.

2018 நவம்பர் 15-ந் தேதி, வியாழக்கிழமை. தீபாவளி கழிந்து பத்து நாள் ஆகவில்லை. அன்று நள்ளிரவு தாண்டி, 16-ந் தேதி பொழுது விடிவதற்குள், நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் நடுவில் புயல் கரை ஏறியது. காற்றின் வேகம் மணிக்கு நூறு கிலோமீட்டருக்கு மேல். அந்த வேகத்தோடு அது பட்டுக்கோட்டை, பேராவூரணி, புதுக்கோட்டை என்று உள்நாட்டுக்குள் புகுந்து மேற்கே போயிற்று.

தஞ்சாவூர் ஜில்லாக் கடற்கரைக்குப் புயல் புதிது அல்ல. 1952-ல் ஒன்று, 1977-ல் ஒன்று என்று பெரியவர்கள் தங்கள் வயதையே புயலைக் கொண்டு கணக்குச் சொல்வார்கள். ஆனால் 1952-ல் இந்தப் பக்கத்தில் இவ்வளவு தென்னை கிடையாது. கல்லணைக் கால்வாய், இவர்கள் பாஷையில் 'புது ஆறு', 1934-ல் வந்தது. அதன் கடைமடை இந்த ஊர்கள். காவிரித் தண்ணீர் எல்லாரும் குடித்து முடித்த பிறகு இங்கே வர வேண்டும். சில வருஷம் வராமலே நின்றுவிடும். நெல்லை நம்பி ஏமாந்தவர்கள் ஆழ்குழாய்க் கிணறு போட்டுத் தென்னைக்கு மாறினார்கள். நெல் சாய்ந்தால் ஒரு போகம் நஷ்டம். அடுத்த போகம் விதைத்துக்கொள்ளலாம். தென்னை சாய்ந்தால்?

தென்னைக்கு ஆணிவேர் கிடையாது. உச்சியிலோ விரித்த குடை மாதிரி மட்டைகளும் காய்க் குலைகளும். நன்றாகக் காய்த்துக் கொண்டிருந்த மரங்கள்தாம் காற்றுக்கு முதல் பலி. சில வேரோடு படுத்தன. சில நட்டநடுவில் முறிந்தன. சில நின்ற வாக்கில் குருத்துத் திருகிப்போய், சில வாரம் கழித்துச் செத்தன. அரசாங்கம் மரத்துக்கு 600 ரூபாயும், அதை வெட்டி அப்புறப்படுத்த 500 ரூபாயும் சேர்த்து 1100 ரூபாய் நிவாரணம் அறிவித்தது. நல்ல மரம் ஒன்று வருஷத்தில் நூறு காய் தரும். அறுபது வருஷம் வரை தரும். கணக்குப் போடுவதில் நம் வீட்டுப் பெண்களுக்கு நான் சொல்லித்தர வேண்டியதில்லை.

மின்சாரக் கம்பங்கள் சாய்ந்தது ஏறக்குறைய ஒரு லட்சம். நவம்பர் 23-ந் தேதி திருக்கார்த்திகை. அந்த வருஷம் இந்த ஊர்களில் அகல் விளக்கு ஏற்றியது பண்டிகைக்காக மட்டும் அல்ல. வேறு விளக்கு இல்லை. குடிக்கத் தண்ணீர் வேண்டுமானால் மோட்டார் ஓட வேண்டும், மோட்டார் ஓட ஜெனரேட்டர் வேண்டும். அதற்கு வாடகை கேட்டவர்கள் வாய்க்கு வந்ததைக் கேட்டார்கள். ஆகவே தெருவுக்கு ஒன்று என்று பங்கு போட்டு எடுத்து, வீட்டுக்கு வீடு முறை வைத்துத் தொட்டியை நிரப்பிக்கொண்டார்கள். நிவாரணம் வரத் தாமதமான இடங்களில் மறியலும் கோபமும் இருந்தன. அதை மறைப்பானேன்?

வெளி ஜில்லாக்களிலிருந்து மின்வாரியத் தொழிலாளர்கள் வந்தார்கள், கேரளத்திலிருந்தும் வந்தார்கள். அதற்கு மூன்று மாதம் முன்பு, ஆகஸ்டில், கேரளம் வெள்ளத்தில் மூழ்கியபோது தமிழ்நாட்டிலிருந்து அரிசியும் துணியும் போயிருந்தன. வந்தவர்கள் கம்பத்தை நட வேண்டிய வயலுக்கு லாரி போகாது, முழங்கால் சேறு. ஊர் வாலிபர்கள் கம்பத்தைத் தோளில் சுமந்துகொண்டு போய்க் குழி வெட்டி நிறுத்தினார்கள். வீட்டில் அரிசி குறைவாக இருந்த பெண்கள், வந்த தொழிலாளிகளுக்கு வேளை தவறாமல் சமைத்துப் போட்டார்கள்.

இனிமேல்தான் நான் சொல்ல வந்த விஷயம். இந்த ஊர்களில் தென்னை ஒரு மரம் அல்ல. அது ஒரு கடைத்தெரு. காய் வெட்டுகிறவர், இரும்புப் பாரையில் மட்டை உரிக்கிறவர், கொப்பரை காயப்போடும் களம், கயிறு ஆலை, லாரிச் செட், மளிகைக் கடை, டீக்கடை எல்லாம் நாற்பத்தைந்து நாளைக்கு ஒரு முறை நடக்கும் 'வெட்டு' பணத்தை வைத்துத்தான் ஓடுகின்றன. வெட்டு வந்ததும் பாக்கி தீரும். அதுவரை நோட்டில் ஏறும். புயலோடு வெட்டு நின்றது. நோட்டில் ஏறிய பாக்கி என்ன ஆவது?

புதுக்கோட்டை ஜில்லாவில் ஒரு டீக்கடைக்காரர் என்ன செய்தார் தெரியுமா? வாடிக்கைக்காரர்கள் தமக்குத் தரவேண்டிய பாக்கி ரூ. 28,000-ஐயும் தள்ளுபடி செய்துவிட்டதாகக் கடை வாசலில் எழுதிப் போட்டார். பத்திரிகைகளில் எல்லாம் வந்த செய்தி அது. டீ விற்று இருபத்தெட்டாயிரம் சம்பாதிக்க எத்தனை ஆயிரம் குவளை கழுவ வேண்டும்! எல்லாக் கடைக்காரர்களும் தள்ளுபடி செய்ய முடியாது; மளிகைக் கடைக்காரருக்கும் டவுன் மண்டியில் பாக்கி உண்டு அல்லவா? இருந்தாலும் பழைய பக்கத்தை மடித்துவிட்டுப் புதுப் பக்கத்தில் எழுதத் தொடங்கியவர்கள் உண்டு. அரிசி பருப்பு நிற்கவில்லை.

தோப்பில் இன்னொரு தொல்லை. விழுந்த மரத்தை அப்படியே விட்டால் மக்கும். மக்கும் தென்னந்தண்டில் காண்டாமிருக வண்டு குடியேறும். புதிதாக நடுகிற கன்றின் குருத்தைத் துளைக்கும் சத்துரு அது. என் தோப்பை மட்டும் நான் சுத்தம் செய்து பயனில்லை. பக்கத்துத் தோப்புக்காரர் சும்மா இருந்தால் அவருடைய வண்டு என் கன்றுக்கு வரும். வரப்புத் தகராறில் பல வருஷம் பேசாமல் இருந்தவர்களுக்கும் இந்த வண்டு விதிவிலக்கு அளிக்கவில்லை. விழுந்த மரத்துக்கோ விலை இல்லை. 'எடுத்துக்கொண்டு போனால் போதும்' என்று கொடுத்தார்கள்.

கன்றுக்கு அலைச்சல். பட்டுக்கோட்டைக்கு அருகே வேப்பங்குளத்தில் வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் தென்னை ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. ஆனால் ஒரே சமயத்தில் எல்லாரும் கன்று கேட்டால் எந்த நாற்றங்கால் தாங்கும்? குட்டை ரகம் மூன்று நான்கு வருஷத்தில் பாளை விடும். நெட்டை என்றால் ஐந்தாறு வருஷத்துக்கு மேல். அதுவரை ஊடே கடலை, உளுந்து, சோளம். கீரமங்கலம் பக்கத்துப் பூந்தோட்டக்காரர்கள் ஓரளவு கொடுத்து வைத்தவர்கள். முறிந்த மல்லிகையும் முல்லையும் சில மாதத்தில் துளிர்த்துவிடும். பூச்சந்தை சீக்கிரம் எழுந்து நடந்தது.

சரி, இந்த நடுவாந்திர வருஷங்களுக்குப் பணம்? பாங்கு ஒரு பக்கம், குழுக்கடன்காரர்களின் வாரத் தவணை ஒரு பக்கம். இவற்றைத் தவிர இந்தச் சீமைக்கே உரிய பாங்கு ஒன்று உண்டு. அதன் பெயர் மொய் விருந்து.

நம் ஊர்களில் கல்யாணத்துக்கு மொய் எழுதுவோம். பேராவூரணி, கீரமங்கலம், வடகாடு, ஆலங்குடி வட்டாரத்தில் கல்யாணமோ காதுகுத்தோ இல்லாமலே மொய் விருந்து நடக்கும். ஆடி, ஆவணி மாதங்கள் அதற்குக் காலம். பத்திரிகை அடித்து ஊரைக் கூட்டி, ஆட்டுக்கறிச் சாப்பாடு போடுவார்கள். சாப்பிட்டு எழுந்தவர்கள் நேரே மொய் எழுதும் மேஜைக்குப் போவார்கள். பெயர், ஊர், தொகை எல்லாம் நோட்டில் ஏறும். ஒரே பந்தலில் பத்துப் பேர் இருபது பேர் சேர்ந்து செலவைப் பங்கிட்டு விருந்து வைப்பதும் உண்டு. ஆளுக்கொரு நோட்டு, ஆளுக்கொரு பாத்திரம். லட்சங்கள் சர்வசாதாரணம், கோடியைத் தொட்டவர்களும் இருக்கிறார்கள். ஒரு குடும்பத்துக்கு ஐந்து வருஷத்துக்கு ஒரு தடவை முறை. வந்த பணம் வட்டியில்லாக் கடன். கொடுத்தவர் வீட்டில் விருந்து வரும்போது வாங்கியதைத் திருப்பி, மேற்கொண்டு ஏதாவது சேர்த்து வைக்க வேண்டும். அந்தச் சேர்த்த பணம் அவர் கணக்கில் புதுக் கடன். இப்படியே சங்கிலி ஓடிக்கொண்டிருக்கும். பத்திரம் இல்லை, ஜாமீன் இல்லை. ஒரு நோட்டும் ஊர் வாயும்தான்.

புயலுக்கு எட்டு மாதம் கழித்து 2019 ஆடி வந்தது. அந்த வருஷம் முறை வந்த வீட்டின் நிலையை நினைத்துப் பாருங்கள். கொடுத்து வைத்த பணமெல்லாம் இப்போது திரும்பி வந்தால்தான் கன்று நடலாம், கிணற்றைத் தூர் எடுக்கலாம், பையன் காலேஜுக்குச் சம்பளம் கட்டலாம். ஆனால் திருப்பிக் கொடுக்க வேண்டியவருடைய தோப்பும் தரையோடு தரை. எழுது என்றால் எதை எழுதுவது?

எழுதினார்கள். வசூல் முன்பு மாதிரி இல்லை என்பது உண்மை. பழைய கணக்கை மட்டும் தீர்த்துவிட்டுப் புதிதாகச் சேர்க்காமல் போனவர்கள் உண்டு. கழுத்துச் சங்கிலியை அடகுக் கடையில் வைத்துவிட்டு வந்து மொய் எழுதியவர்களும் உண்டு. அந்தச் சங்கிலி யாருடையது என்று உங்களுக்குச் சொல்ல வேண்டுமா? ஆனாலும் நோட்டு மூடவில்லை. வந்த தொகையில் கூரைக்கு ஓடும், தோப்புக்குக் கன்றும் வாங்கினார்கள்.

எனக்கு இந்த ஏற்பாட்டில் முழுத் திருப்தி என்று சொல்ல மாட்டேன். நிலம் உள்ளவன் நோட்டில்தான் பெரிய தொகை ஏறும். கூலிக்கு மரம் ஏறினவருக்கும் மட்டை உரித்தவருக்கும் யார் லட்சம் எழுதப் போகிறார்கள்? மரத்துக்கு 1100 ரூபாய் என்றால், மரம் இல்லாதவனுக்கு அதிலும் பங்கில்லை. அவர்களில் பலர் திருப்பூர், பொள்ளாச்சி என்று பிழைப்புத் தேடிப் போனார்கள். பக்கத்து வீட்டுக்காரர் கைகொடுத்தார் என்று எழுதும்போது, பக்கத்து வீட்டுக்காரரிடமும் ஒன்றும் இல்லாத தெருக்களையும் சேர்த்துத்தான் எழுத வேண்டும்.

பேராவூரணிக்கு வந்துவிட்டோம், இறங்குங்கள். நீலகண்டப் பிள்ளையாரை ஒரு கும்பிடு போட்டுவிட்டுப் பெரியகுளத்துக்குப் போவோம். பெயர்தான் குளம், பரப்பு 564 ஏக்கர்! மண் மேடிட்டு, கருவேலம் மண்டிக் கிடந்தது. புயலுக்கு மறு வருஷம், 2019-ல், வட்டாரத்து வாலிபர்கள் கூடிக் 'கடைமடைப் பகுதி ஒருங்கிணைந்த விவசாயிகள் சங்கம்' என்று ஒன்று தொடங்கினார்கள். சுருக்கமாகக் 'கைஃபா'. முன்னின்றவர்களில் ஒருவர், துபாயில் கம்ப்யூட்டர் வேலை பார்த்துவிட்டு ஊர் திரும்பிய நிமல் ராகவன். மரம் போனாலும் தண்ணீர் இருந்தால் பிழைத்துக்கொள்ளலாம் என்பது அவர்கள் கட்சி. ஊராரிடமும் கடல் கடந்துபோன உள்ளூர்க்காரர்களிடமும் பணம் திரட்டி, இயந்திரங்களை இறக்கி, 107 நாள் வேலை செய்து குளத்தை மீட்டார்கள். வெட்டிய மண்ணைக் குளத்துக்கு நடுவே திட்டுகளாகக் குவித்து மரக்கன்று வைத்தார்கள். அதன் பிறகு பக்கத்து ஊர்க்காரர்கள் 'எங்கள் குளம் என்ன பாவம் செய்தது?' என்று வந்துவிட்டார்கள். வேலை ஒவ்வொரு குளமாக நகர்ந்தது.

கரையில் காற்று நன்றாக வரும். மாலை நேரமாகப் பார்த்துப் போங்கள். திரும்பும்போது கடைத்தெருவில் தேங்காயெண்ணெய் வாங்க மறக்காதீர்கள். நீங்கள் போவது ஆடி மாதமாக இருந்து, யாராவது 'விருந்துக்கு வாருங்கள் அம்மா' என்று கூப்பிட்டால் தயங்க வேண்டாம். சாப்பாடு பிரமாதமாக இருக்கும். கையில் மட்டும் கொஞ்சம் ரொக்கம் வைத்துக்கொள்ளுங்கள். மேஜையில் பெயரும் ஊரும் கேட்பார்கள். தெளிவாகச் சொல்லுங்கள், எழுதிக்கொள்வார்கள்.