தமையனார் கன்னத்துக் குழி

சென்ற ஆண்டு மாலத்தீவுக்குச் சரக்கேற்றிச் சென்ற தோணியொன்றில் பாய்க்கயிறு அறுந்து என் தமையனாரின் இடக்கன்னத்தைக் கிழித்தது. புண் ஆறிற்று, குழி எஞ்சிற்று. திருமணப் பேச்சும் எழுந்தமையின், அக்குழியை ஊசியால் நிரப்பலாம் எனக் கேள்வியுற்று, என்னைத் துணைக்கொண்டு ஒரு மருத்துவரிடஞ் சென்றார்.

மருத்துவர் கன்னத்தைப் பார்க்குமுன் விரல்களைப் பார்த்தார். “தம்பி, நாளொன்றுக்கு எத்தனை பீடி?” என வினவினார். “ஒரு கட்டு” என்றார் தமையனார். இரண்டென்பதை யான் அறிவேன், வாய் திறந்தேனில்லை.

ஊசியாற் செலுத்தப்படுவது ஹயலூரானிக் அமிலக் கூழ். நம் தோலில் இயல்பாகவே உள்ள இப்பொருளை 1934-ஆம் ஆண்டில் மேயர், பாமர் என்னும் இருவர் மாட்டுக்கண்ணினின்று பிரித்தெடுத்தனர். அது நீரை ஈர்த்துத் தோலை உயர்த்தும். திங்கள் பல சென்றபின் உடல் அதனைக் கரைத்துவிடும். ஆயினும் சூழ்ந்துள்ள திசு அதனை ஏற்றுக்கொள்ளல் வேண்டுமன்றோ?

எனக்குச் சிப்பி நினைவு வந்தது. 1961-ஆம் ஆண்டோடு முத்துக்குளிப்பு ஓய்ந்த நம் தூத்துக்குடியில், 1973-இல் மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையத்தார் சிப்பியினுள் மணியொன்றையும் வேறொரு சிப்பியின் மேலுறைத் துண்டையும் வைத்து முத்து விளைவித்தனர். நலிந்த சிப்பியோ மணியை உமிழ்ந்துவிடும், அன்றேல் மடியும்.

புகைப்பாரின் தோலும் நலிந்ததே. நிக்கோட்டின் நுண்குழாய்களைச் சுருக்கும். புகையிலுள்ள கார்பன் மோனாக்சைடு, உயிர்வளியினும் இருநூறு மடங்குக்கு மேலான பற்றுடன் இரத்தச் சிவப்புப் பொருளைப் பிடித்துக்கொள்ளும். தோலுக்கு உறுதி தரும் கொலாஜன் குறைவாகவே ஊறும். உள்ளதும் விரைந்து சிதையும். இவை பெரும்பாலும் அறுவைப்புண்களிற் கண்ட உண்மைகள். அறுவைக்கு நான்கு வாரம் முன்னரே புகையை விட்டோர்க்கு இடர் குறைவென உலக நல நிறுவனம் 2020-இல் அறிவித்தது. அந்நான்கு வாரத்தையே மருத்துவரும் கேட்டார்.

“எங்கள் பாட்டனார் சுருட்டுக் குடித்தே சங்கு குளித்தாரே!” என்றார் தமையனார்.

“அவர் கன்னத்தில் ஊசி போட எவரிடமும் போகவில்லையே, தம்பி!”

தமையனார் நகைத்தார், எனக்கு நகை வரவில்லை. பார்ப்பாறை கிழித்த பாட்டனாரின் கால் ஆறு திங்களாகியும் மூடாததும், அம்மை நாள்தோறும் அதற்குக் கட்டு மாற்றியதும் என் கண்முன் நின்றன. வழியில் அதனை எடுத்துரைத்தேன். அவர் மறுமொழி கூறாது சட்டைப்பையைத் தடவினார்.

இன்று பதினேழாம் நாள். பிரிக்காத பீடிக்கட்டு ஒன்று எங்கள் வீட்டு மாடத்தில் இருக்கின்றது. ஒவ்வொரு காலையும் யான் அதனை எட்டிப் பார்க்கின்றேன். யான் பார்ப்பதை அவரும் பார்க்கின்றார்.