திரையும் மனத்திரையும்

கணனி விளையாட்டுக்களின் வரலாற்றை எழுதப் புகுவோர் பெரும்பாலும் அதனைப் பொறிகளின் வரலாறாகவே எழுதிச் செல்வர். புள்ளி கோடாகி, கோடு உருவாகி, உரு ஒளியும் நிழலும் பெற்று மெய்ம்மையை அண்மியது என்பதே அவர்தம் கூற்று. அதிற் பிழையில்லை. ஆயின், திரையைப் பார்க்கும் மனமும் படத்தின் ஒரு பாதியை வரைகின்றது என்னும் உண்மை அங்கு விடுபட்டுப் போகின்றது.

1962இல் மசாசூசெற்ஸ் தொழில்நுட்ப நிறுவகத்தில் ஸ்ரீவ் ரசலும் நண்பர்களும் 'ஸ்பேஸ்வோர்' என்னும் விளையாட்டை ஆக்கினர். இரு சிறு விண்கலங்கள். பின்னணியில் எழுந்தமானமாகத் தூவப்பட்ட புள்ளிகள். அவர்களுள் ஒருவரான பீற்றர் சாம்சனுக்கு அப்பொய் வானம் பொருந்தவில்லை. விண்மீன் வரைபடங்களைக் கொண்டு மெய்யான விண்மீன்களை, அவற்றின் ஒளி வேறுபாடும் தோன்ற, அவர் திரையில் அமைத்தார். ஆட்டத்தின் வெற்றி தோல்விக்கு அம்மீன்களால் ஆவதொன்றில்லை. எனினும், மெய்யைக் காட்ட வேண்டும் என்னும் வேட்கை அன்றே தோன்றிவிட்டது.

வேட்கை பெரிதாயிருக்க, பொறி சிறிதாயிருந்தது. 1978இல் யப்பானில் ரொமோஹிரோ நிஷிக்காடோ ஆக்கிய 'ஸ்பேஸ் இன்வேடர்ஸ்' விளையாட்டில் 55 பகையுருக்களை விரைந்து நகர்த்த இயலாது சில்லு திணறிற்று. உருக்கள் சுடப்பட்டுக் குறையக் குறைய அதன் சுமை தணிந்து, எஞ்சியவை விரைவு கொண்டன. நிஷிக்காடோ அதனைத் திருத்தாது விட்டார். முடிவு நெருங்க நெருங்க ஆடுவோரின் நெஞ்சு படபடப்பது அக்குறையின் பயனே. 1981இல் 'டொங்கி கோங்' விளையாட்டுக்காக ஷிகேரு மியமோட்டோ சுமார் 16 புள்ளி உயரத்துள் ஒரு மனிதனை வரைய நேர்ந்தது. வாய்க்கு இடமில்லை, மீசை வந்தது. தலைமயிரைக் காட்டுதல் அரிது, தொப்பி வந்தது. பின்னர் மாரியோ என உலகம் அறிந்த முகம் இவ்வாறே பிறந்தது.

அடுத்து வந்த மாற்றம் விரைவானது. 1996இல் '3டிஎவ்எக்ஸ்' நிறுவனத்தின் 'வூடூ' அட்டை, முப்பரிமாணக் காட்சியை ஆக்கும் கணக்கின் பெரும்பகுதியை மையச் சில்லிடமிருந்து ஏற்றுக்கொண்டது. 1999இல் என்விடியாவின் 'ஜீபோர்ஸ் 256' மேலும் ஒரு பகுதியை ஏற்றது. உருவங்கள் சிறு முக்கோணங்களாகப் பகுக்கப்பட, ஒரேவகைக் கணக்கைப் பல புள்ளிகளுக்கு ஒருங்கே செய்வது இத்தகைய சில்லுகளின் இயல்பு. ஒளிக்கதிரைக் கண்ணிலிருந்து பின்னோக்கித் தொடர்ந்து படமாக்கும் முறையை 1980இல் ரேணர் விற்றட் விரிவாக விளக்கியபோது, ஒரு படத்துக்கு ஒரு மணிநேரத்துக்கு மேல் சென்றது. 2018இல் வெளிவந்த அட்டைகள் அத்தகைய கணக்கின் ஒரு பகுதியையேனும் விநாடிக்குப் பன்முறை செய்தன. 2022இல் வந்த ஓர் அட்டை 450 வாற்று வரை மின்சாரம் உண்டது.

பழையதே இனிதெனப் புலம்புதல் பொருந்தாது. 16 புள்ளிகளில் ஒரு தாயின் துயரைக் காட்ட இயலாது. இன்றைய திரையில் அவளது உதட்டின் நடுக்கமும் தெரிகின்றது. அது பேறே. ஆயினும், எல்லாவற்றையும் பொறியே காட்டிவிடுமாயின், காண்பவன் செய்தற்கு எஞ்சுவது யாது? மீசைக்கடியில் வாயை வரைந்தவன் அவனல்லனோ?

இவ்வினாவுக்கு விடை தருவதுபோல் அமைந்தது 2011இல் முழுமையாக வெளிவந்த 'மைன்கிராப்ற்'. அதன் உலகு கட்டிகளாலானது. கட்டியின் ஒவ்வொரு முகமும் 16 புள்ளி அகலமும் 16 புள்ளி உயரமும் உடையது. அதனினும் நுண்ணிய காட்சியை அன்றைய அட்டைகள் எளிதில் ஆக்கவல்லன. இருந்தும், 2023க்குள் அதன் 30 கோடிப் படிகள் விற்பனையாயின. அக்கட்டிகளைக் கொண்டு சிறுவர் கோட்டையும் கோயிலும் கட்டினர். கரடுமுரடான அக்கட்டிகளில் அவற்றைக் கண்டது அவர்தம் மனமே.

மியமோட்டோவுக்கு 16 புள்ளிகள் விதிக்கப்பட்ட எல்லை. மைன்கிராப்ற்றை ஆக்கியோருக்கோ அது விரும்பித் தேர்ந்த எல்லை. பொறியின் வளர்ச்சி மனிதனுக்குத் தந்த மெய்யான பேறு இத்தேர்வுரிமையே எனலாம். எதனைக் காட்டலாம் என்பதைச் சில்லு கூறும். எதனைக் காண்பவன் மனத்துக்கு விட்டுவைப்பது என்பதை மனிதனே தீர்மானித்தல் வேண்டும்.